கார்த் திறப்புக்குப் புதுச் சட்டை: கவர் மட்டும் போதுமா, போர்டும் மாற்ற வேண்டுமா?

போன கிழமை மச்சான் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். அவனுடைய பழைய விட்ஸ் காரின் திறப்பு. லொக் பட்டன் இருந்த இடத்தில் றப்பர் கிழிந்து ஓட்டை. அதற்குள் தீக்குச்சியை விட்டு அமத்தினால்தான் கதவு பூட்டுமாம். தகடு தலையோடு சேருகிற இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. படத்துக்குக் கீழே கேள்வி: "மடக்குத் திறப்பாய் மாத்தட்டோ, இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற போர்டையும் சேத்து மாத்தட்டோ? கடைக்காரர் மூண்டு விலை சொல்றார்."

இந்தக் கேள்வி எனக்கு இப்போது அடிக்கடி வருகிறது, காரணமும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசமும் இருந்த கார்களையே ஓட்டினோம். ஒயில் மாற்றினோம், ரயர் மாற்றினோம், திறப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் ஜப்பானில் ஏலத்தில் எடுத்து வந்த கார்களில் பல ஒற்றைத் திறப்போடுதான் இங்கே வந்து இறங்கின.

நான் திறப்பு வெட்டுகிற ஆளில்லை. போன் திருத்துகிற கடையில் கொஞ்சக் காலம் நின்ற பழக்கத்தில் நாலைந்து கார் திறப்புகளைத் திறந்து வேலை பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றைப் பாழாக்கியும் இருக்கிறேன். அந்தக் கதை கீழே வரும்.

## ஒரு திறப்பு, மூன்று சாமான்

விலை கேட்பதற்கு முதல் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரு பொருள் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே மூன்று தனித்தனிச் சாமான்கள். ஒன்று, பூட்டைத் திருப்புகிற இரும்புத் தகடு. இரண்டாவது, பற்றரியில் ஓடுகிற ரிமோட் போர்ட். கதவைப் பூட்டித் திறப்பது மட்டும்தான் அதன் வேலை. மூன்றாவது, இமோபிலைசர் சிப். இதற்குப் பற்றரியே தேவையில்லை. திறப்புத் துளையைச் சுற்றியிருக்கிற வளையச் சுருள் கிட்டத்தட்ட 125 கிலோஹேர்ட்ஸில் சக்தி கொடுக்க, சிப் தன் இலக்கத்தைச் சொல்லும், கார் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்ஜினை விடும். இந்த மூன்றையும் மூடியிருக்கிற பிளாஸ்ரிக் சட்டைதான் கவர்.

எது பழுது என்று கண்டுபிடிப்பது லேசு. பட்டன் வேலை செய்யவில்லை, கார் ஸ்ராட் ஆகிறது என்றால் பற்றரி அல்லது போர்ட். பட்டன் வேலை செய்கிறது, என்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை, டாஷ்போர்ட்டில் திறப்புப் படம் போட்ட லைட் மின்னுகிறது என்றால் சிப். இரண்டும் சரி, பார்க்கத்தான் அசிங்கம் என்றால் கவர் மட்டும். ரீவி ரிமோட்டைப் பார்ப்பதுபோல போன் கமெராவுக்கு முன்னால் பிடித்து அமத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்ஃப்ராரெட்டுக்குச் சரி, ஜப்பான் காரின் ரிமோட் வானொலி அலை, கமெராவில் ஒன்றும் தெரியாது.

இன்னொரு விசயமும் இருக்கிறது, கடைகளில் பலர் சொல்வதில்லை. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த சின்னக் கார்களில், முக்கியமாகத் திறப்பைத் திருகி ஸ்ராட் பண்ணுகிற கெய் கார்களில் (ஜப்பானின் மிகச் சின்ன வகுப்புக் கார்கள்), பலவற்றுக்கு இமோபிலைசரே கிடையாது. உங்கள் கார் அந்த வகை என்றால் பாதித் தலையிடி போய்விட்டது. சிப் இல்லாத ஒரு வெறும் தகட்டுத் திறப்பை வெட்டுவித்து ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். ஓடினால் சிப் இல்லை. ஓடாவிட்டாலும் அந்தத் தகடு கதவைத் திறக்கும், காசு வீண் இல்லை.

## எதை வைத்து நிறுப்பது

நான் பார்ப்பது நாலு விசயம். திறப்பைக் காரின் நினைவில் புதிதாகப் பதிய வேண்டிவருமா? தகடு வெட்ட வேண்டுமா? பிழைத்துப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாமா? கடைசியில் மொத்தக் காசு. கடையில் சொல்கிற விலை மட்டுமில்லை, ஒருநாள் வேலை கெடுவது, கொழும்புக்கு ஆள் அனுப்புவது, பஸ்ஸில் பார்சல் போட்டு எடுப்பது எல்லாம் சேர்த்து. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை போய்வருவது சும்மா 800 கிலோமீற்றர் ஓட்டம். அதை ஒருவரும் விலைச்சீட்டில் எழுதித் தருவதில்லை.

| வழி | காரில் பதிதல் | தகடு வெட்டுதல் | திரும்பி வரலாமா |
|---|---|---|---|
| கழுவி, சுவிச் மாற்றுவது | வேண்டாம் | வேண்டாம் | ஆம் |
| அதே வடிவக் கவர் | வேண்டாம் | சிலவேளை | ஆம் |
| மடக்குத் திறப்புக் கவர் | வேண்டாம் | வேண்டும் | சிப்பை வெட்டி எடுக்காவிட்டால் மட்டும் |
| புதுப் போர்டும் சிப்பும் | வேண்டும் | வேண்டும் | பழையதை வைத்திருந்தால் ஆம் |
| பாவித்த ஸ்மார்ட் கீ (துளைக்குள் போடாமலே ஸ்ராட் பண்ணுகிற திறப்பு) | வேண்டும் | உள்ளிருக்கும் அவசரத் தகட்டுக்கு | பொருந்தாவிட்டால் காசு போச்சு |
| கார்க் கம்பனி ஏஜென்டிடம் புதுசு | வேண்டும் | அவர்களே வெட்டுவார்கள் | தேவைப்படாது |

## இருந்ததையே கழுவி ஓட்டுவது

கீரிமலைக் கேணிக்குள் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடி இறங்கியது நானேதான். கரைக்கு வந்து அமத்தினால் ஒன்றுமில்லை. தகட்டால் கதவைத் திறந்து வீடு வந்து சேர்ந்தேன்; சிப்புக்குத் தண்ணீர் ஒரு பொருட்டில்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டுத் திறந்து பார்த்தால், பற்றரியைப் பிடிக்கிற தகரக் காலில் பச்சைப் பாசி மாதிரி ஒரு படை. பற்றரியை உடனே கழற்றாதது பிழை. தண்ணீரைவிட, தண்ணீருக்குள் ஓடிய அந்த 3 வோல்ட்தான் காலைத் தின்றது.

ஐசோப்ரோபைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கும் பிரஸும் போதும். தேய்த்துக் கழுவி, காயவிட்டு, காலுக்குக் கொஞ்சம் ஈயம் வைத்தேன், ஓடியது. அரிசிக்குள் புதைத்து வைக்கிற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, உப்பை அரிசி எடுக்காது. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு, பருத்தித்துறைப் பக்கமோ தீவுப் பக்கமோ, தண்ணீருக்குள் விழாமலே இந்தப் பச்சை வரும்.

பட்டன் தளர்ந்துபோன போர்ட்களிலும் பெரும்பாலும் செத்தது அந்தக் குட்டி மைக்ரோ சுவிச்தான், போர்ட் இல்லை. போன் திருத்துகிற பொடியன்கள் சூடான காற்றை ஊதிப் பத்து நிமிடத்தில் மாற்றுவார்கள். காசும் ஒரு கொத்துரொட்டிக் காசுக்குள் முடியும். இதைச் செய்து பார்க்காமல் புதுப் போர்ட் வாங்குவது சரியில்லை.

பற்றரியையும் பாருங்கள். மல்ரிமீற்றரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டினால் நல்லது, 2.8க்குக் கீழே என்றால் அதை மாற்றிவிட்டு மற்றக் கதை. சிஆர்2032 என்றால் 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. சிஆர்2016 அதே விட்டம், தடிப்பு பாதி. 2032 இல்லையென்று 2016ஐப் போட்டு இடைவெளிக்குச் சிகரெட் பெட்டித் தாளை மடித்து வைத்த திறப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன், குழியில் கார் விழுந்தால் ரிமோட் நின்றுவிடும். கழற்றிய பழைய பற்றரியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவேண்டாம், விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டையை அரிக்கத் தொடங்கும்.

## அதே வடிவக் கவர்

எல்லாவற்றிலும் மலிவு, பயமில்லாத வேலை. போர்டைத் தூக்கிப் புதுக் கவருக்குள் வைத்து மூடுவது. றப்பர் கிழிந்த, மூடி வாய் திறந்த திறப்புகளுக்கு இதுதான் சரியான மருந்து.

கவனிக்க வேண்டியது அளவு. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போர்டைத் தாங்குகிற முனைகள் அரை மில்லிமீற்றர் தள்ளி இருந்தாலும் பட்டன் அமந்தபடியே நிற்கும், பற்றரி ஒரு இரவில் முடியும். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்கிற கவர்களில் இந்தப் பிரச்சினை அதிகம். அங்கே விற்கிறது மூன்று, நாலு பட்டன் மாடல், டிக்கிக்கும் அலாரத்துக்கும் பட்டன் இருக்கும். எங்கள் ஜப்பான் போர்டில் இரண்டே சுவிச். ஒரு பெரியம்மா மகனுக்கு ஸ்காபரோவிலிருந்து வந்த கவர் இன்னும் அவன் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது.

உங்கள் பழைய கவரைத் திறந்து, போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, கடைக்காரருக்கு முதலே அனுப்புங்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட இது பத்திரம்.

## மடக்குத் திறப்பு

ஆசை வருகிறது இதில்தான். பட்டனை அமத்தினால் தகடு "டக்" என்று பாய்ந்து வெளியே வரும், பொக்கற் கிழியாது, கையில் வைத்துச் சுழற்றவும் நல்லாயிருக்கும். பிழை சொல்லமாட்டேன், நானும் ஒன்று வைத்திருந்தேன்.

இதில் மூன்று இடத்தில் காசு கசிகிறது.

முதலாவது தகடு. பழைய தகட்டைப் பெரும்பாலும் மாற்றி வைக்க முடியாது, புதிதாக வெட்ட வேண்டும். பதினைந்து வருசம் தேய்ந்த தகட்டை மெசினில் வைத்துப் பிரதி எடுத்தால் தேய்மானமும் சேர்ந்துதான் வரும். கதவு திறக்கும், ஸ்ராட் பண்ணும்போது ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டிவரும். பள்ளங்களை அளந்து தொழிற்சாலைக் கணக்குக்குத் திருத்தி வெட்டுகிற ஆளைத் தேடுங்கள். ஓரம் மட்டும் வெட்டுகிற ரொயோட்டாப் பழைய தகட்டுக்கு ஊரிலேயே வழி உண்டு. தகட்டின் முகத்தில் வாய்க்கால் ஓடுகிற ஹொண்டா மாதிரித் தகடுகளுக்கு வேறு மெசின் வேண்டும், அது எல்லாக் கடையிலும் இருக்காது.

இரண்டாவது கீல். மலிவுக் கவரில் தகடு இரண்டு மாதத்தில் ஆடத் தொடங்கும். ஆடுகிற தகட்டைப் பலத்துடன் திருகினால் ஒருநாள் துளைக்குள்ளேயே முறியும். முறிந்த துண்டை எடுக்கிற கூலியில் நல்ல கவர் இரண்டு வாங்கலாம்.

மூன்றாவது சிப், நான் பாழாக்கியதும் இங்கேதான். சில திறப்புகளில் சிப் போர்டிலேயே இருக்கும், அவற்றில் வேலை லேசு. பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில் அது கறுப்பு ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு, அல்லது நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய், பிளாஸ்ரிக் தலைக்குள் புதைந்திருக்கும். நான் பிளேட்டைச் சூடாக்கித் தலையை வெட்டினேன். "கிறிக்" என்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக் குழாய் நடுவில் வெடித்து, தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பி வெளியே தொங்குகிறது. அது சிநேகிதனின் கார், நல்ல காலம் அவனிடம் இரண்டாவது திறப்பு இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் எல்லாத் திறப்பும் தொலைந்த கணக்கு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டி வந்திருக்கும்.

அதனால் ஒற்றைத் திறப்பு வைத்திருக்கிறவர் மடக்குத் திறப்பு கேட்டால் நான் மாட்டேன் என்றே சொல்வேன். முதலில் இரண்டாவது திறப்பு, பிறகு அலங்காரம். இரண்டு திறப்பும், போர்டில் சிப்பும் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

## போர்டும் புதிது

கவரோடு உள்ளே இருக்கிற இலத்திரனியலையும் மாற்றுவது. இப்போது கடைகளில் அதிகம் ஓடுவது கேடி, எக்ஸ்ஹோர்ஸ் மாதிரியான யுனிவர்சல் ரிமோட்கள். வெறும் போர்டாக வரும், கடைக்காரர் தன் மெசினில் உங்கள் கார் வகையைத் தெரிந்து அதற்குள் எழுதுவார், பிறகு காரில் பதிவார். பழைய போர்ட் உண்மையிலேயே செத்துப்போனவர்களுக்கும், இரண்டாவது திறப்பு வேண்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

அலைவரிசையை முதலில் கேளுங்கள். ஜப்பான் உள்ளூர்க் கார்களின் ரிமோட் 312இலிருந்து 315 மெகாஹேர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். ஐரோப்பாவுக்குச் செய்தவை 433.92. இணையத்தில் படம் பார்த்து 433 வாங்கிவிட்டு, "பதியுதில்லை, கடைக்காரருக்கு வேலை தெரியாது" என்று ஏசுகிறவர்கள் உண்டு. எவ்வளவு கெட்டிக்காரர் பதிந்தாலும் அந்தக் கார் அந்தப் போர்டைக் கேட்கவே மாட்டாது.

பதிகிற இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஹொண்டா, நிசான் போன்றவற்றில் திறப்புப் பதியும்போது அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாத திறப்புகள் காரின் நினைவிலிருந்து அழிந்துபோகலாம். வீட்டில் மனைவியிடம் ஒன்றை விட்டுவிட்டுக் கடைக்குப் போனால், திரும்பி வரும்போது அது வெறும் இரும்பு. இருக்கிற எல்லாத் திறப்பையும் கொண்டு போங்கள், வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்ராட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுங்கள். பழைய ஹொண்டாக்களில் ரிமோட்டை மட்டும் மெசின் இல்லாமலே பதியலாம், திறப்பை ஓன் ஓஃப் பண்ணி லொக் பட்டனை அமத்துகிற அந்த நாலு தடவை விளையாட்டு. ஆனால் அது கதவுக்குத்தான், சிப்புக்கு மெசின் வேண்டும்.

பழைய போர்ட் ஓடாவிட்டாலும் எறியவேண்டாம். சிப் அதில் இருந்தால் அது இன்னும் காரை ஸ்ராட் பண்ணும்.

## ஸ்மார்ட் கீ வைத்திருப்பவர்கள்

அக்குவா, பிரியஸ், வெசல், புஷ் ஸ்ராட் வாகன் ஆர் ஆட்களுக்கு. இங்கே சிப், போர்ட், பட்டன் எல்லாம் ஒரே பலகை. கவர் மாற்றுவது லேசு, வெறும் சட்டை மாற்றுவது. போர்ட் மாற்றுவதுதான் சிக்கல்.

பட்டன் வேலை செய்கிறது, கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கவில்லை என்று வருவார்கள். கீழே விழுந்த கீ என்றால் உள்ளே காரின் அழைப்பைக் கேட்கிற சுருளின் ஈயம் விட்டிருக்கலாம், அதைச் சூடாக்கி ஒட்டினால் போதும். ரொயோட்டாவில் இன்னொன்றும் உண்டு: லொக்கை அமத்திப் பிடித்தபடி அன்லொக்கை இரண்டு தடவை அமத்தினால் கீ பற்றரி மிச்சம் பிடிக்கும் நிலைக்குப் போய்விடும், லைட் நாலு தடவை மின்னும். பிள்ளைகள் விளையாடி இப்படி ஆனதும் நடந்திருக்கிறது. ஏதாவது ஒரு பட்டனை அமத்தினால் திரும்பிவிடும். முற்றாகச் செத்த பற்றரி என்றால் கீயை ஸ்ராட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து பிரேக்கை மிதித்து அமத்துங்கள், ஓடும்.

பாவித்த கீ மலிவாய்க் கிடைக்கும். ரொயோட்டாவும் ஹொண்டாவும் ஒரு காரில் பதிந்த ஸ்மார்ட் கீயை அந்தக் காரோடு பூட்டிவிடுகின்றன. மெசினால் அந்தப் பூட்டை அவிழ்த்தது என்று உறுதியாகச் சொல்கிற, பதிந்து ஓடினால்தான் காசு என்கிற ஆளிடம் மட்டும் வாங்குங்கள். போர்டில் எழுதியிருக்கிற இலக்கத்தையும் ஒப்பிடுங்கள், ரொயோட்டாவில் அதன் கடைசி நாலு இலக்கத்தைத்தான் வேலை தெரிந்தவர்கள் கேட்பார்கள் (0140, 5290 மாதிரி). வெளித்தோற்றம் ஒன்று, இலக்கம் வேறு என்றால் பொருந்தாது.

ஏஜென்டிடம் புதுசு எடுப்பது எல்லாவற்றிலும் விலை கூட. ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய காருக்கு உள்ளூர் ஏஜென்ட் உதவுவாரா என்பதே முதல் கேள்வி. ஆனால் கார் புதுசு, உத்தரவாதம் மிச்சம் இருக்கிறது, காப்புறுதிக்காரர் திருட்டுக் கணக்கில் திறப்பு எண்ணிக்கையைக் கேட்பார் என்ற யோசனை இருக்கிறது என்றால் நான் வேறெங்கும் போகமாட்டேன்.

## திருகுகிற காரைப் புஷ் ஸ்ராட் ஆக்குவது

சுருக்கமாக: வேண்டாம். சிப் உள்ள காரில், இதற்கென்று விற்கிற கிட் வேலை செய்யவேண்டுமென்றால் உங்கள் காரின் நல்ல சிப் ஒன்றை டாஷ்போர்ட்டுக்குள் நிரந்தரமாக ஒளித்து வைக்க வேண்டும். பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போகிற கதை.

## மச்சானின் விட்ஸ்

அவனுக்கு ஒற்றைத் திறப்பு. வெறும் தகடு ஒன்றை வெட்டுவித்துப் பார்க்கச் சொன்னேன். வெட்டிக்கொண்டு வந்து, கொக்குவில் ஒழுங்கைக்குள் காரை நிறுத்திவிட்டு, என்னைப் போனில் வைத்துக்கொண்டே திருகினான். முதல் தடவையிலேயே என்ஜின் பிடித்தது. சிப்பும் இல்லை, இமோபிலைசரும் இல்லை. கடைக்காரர் சொன்ன மூன்று விலையில் ஒன்றில் "சிப் கோடிங்" என்று ஒரு வரி இருந்ததாம், அதைப் பற்றி இனிப் போய்க் கேட்பானோ தெரியாது.

அதே வடிவக் கவர் ஒன்று வாங்கினான், லொக் சுவிச்சை மாற்றினான். வெறும் தகட்டை இப்போது வீட்டில் அம்மாவின் சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறான். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் அந்தப் பக்கம்தான் திரிவான், மணலுக்குள் திறப்பு விழுந்தால் தேடி எடுக்கேலாது என்று அவனுக்கே தெரியும். மடக்குத் திறப்பு ஆசை மட்டும் இன்னும் போகவில்லை, நேற்றும் ஒரு படம் அனுப்பியிருக்கிறான்.